என் மடிப்பு, அவன் கையெழுத்து

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் கண்டக்டர் என் சாக்கு மூட்டையை முழங்காலால் இடித்துப் பார்த்தார்.

"என்னா சார் உள்ள, பஞ்சா?"

"பாராசூட்."

"அப்ப எதுக்கு சார் பஸ்ஸு? மேலேர்ந்து நேரா எறங்கிக்க வேண்டியதுதானே?" என்று சொல்லி லக்கேஜுக்குத் தனியாக ஒரு டிக்கெட் கிழித்தார்.

பஸ்ஸே சிரித்தது. நான் பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மற்ற வேளைகளில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். ஒரு பஸ்ஸையே சிரிக்க வைக்கும் வாக்கியம் எனக்கு ஆயுளில் ஒன்றுகூட அமைந்ததில்லை. பெருமுக்கல் குன்று ஜன்னலில் வந்து போகும்வரை பொறாமையோடு உட்கார்ந்திருந்தேன். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருஷம். டிரைவர் தலைக்கு மேலே, பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி ஒரு பலகை இருந்தது. கண்டக்டருக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

சாக்கில் இருந்தது நிஜமாகவே பாராசூட்தான். ராணுவத்தில் கழித்துக் கட்டியது. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கினேன். மரக்காணத்து நண்பன் கடிதம் போட்டிருந்தான்: குருத்தோலை ஞாயிறை ஒட்டி மூன்று நாள் நாம் நாலு பேரும் கூடுகிறோம், வரும்போது பழைய பாராசூட் ஒன்று கிடைத்தால் வாங்கி வா, கயிறெல்லாம் முழுசாக இருக்கவேண்டும். அவன் பெண்ணுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். பந்தலுக்கு மேல்கட்டு கட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மேல்கட்டுக்குக் கயிறு எதற்கு முழுசாக இருக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன்.

ராணுவத்தில் இருந்தேன் என்றால் ஜனங்கள் உடனே என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்த யுத்தம் என்று கேட்பார்கள். நான் செய்தது துணி மடிக்கிற வேலை. வடக்கே ஒரு விமானத் தளத்தின் ஓரத்தில் நீளமான கொட்டகை, அதற்குள் ரயில் பிளாட்பாரம் மாதிரி நீண்ட மேஜைகள், மேஜைக்கு ஒருத்தன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாராசூட் மடிப்போம். அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குச் சட்டையில் இறக்கைச் சின்னம் தருவார்கள். எங்களுக்கு விரல் நுனியில் காய்ப்பு வந்தது.

நாலு பேரில் நானும் மரக்காணத்துக்காரனும் அடுத்தடுத்த மேஜை. கூனிமேட்டு பாய் பாராசூட் துணியில் கிழிந்த பட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிற டெய்லர். பெருமுக்கல் பக்கத்து ஹவில்தார் எங்களுக்கு மேலே, மடித்ததைச் சோதிக்கிறவர். ஒரே கொட்டகையில் மரக்காணத்தைச் சுற்றி மூன்று பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மட்டும் மெட்ராஸ்காரன், அதனால் என்னைக் கேலி செய்ய மூன்று பேருக்கும் உரிமை உண்டு.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கார்டு உண்டு. மடித்தவன் அதில் கையெழுத்துப் போடுவான், அதன் கீழே ஹவில்தார் போடுவார். கையெழுத்து யாருடையதோ அவன்தான் மடித்தவன், அதில் பேச்சே கிடையாது. இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது ஒரு காலையில் ஆபீசர் கொட்டகைக்குள் வருவார், எவனையாவது விரலால் சுட்டுவார். அவன் தான் மடித்த மூட்டை ஒன்றைத் தானே முதுகில் கட்டிக்கொண்டு போய்க் குதிக்க வேண்டும். மரக்காணத்துக்காரன் பல தடவை குதித்திருக்கிறான். கோயிலுக்குப் போகிறவன் மாதிரி போவான், வருவான்.

என்னை நோக்கியும் ஒருநாள் அந்த விரல் நீண்டது. நான் என் மேஜைப் பக்கம் போவது போலப் போய், அவன் மேஜையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான் குதித்து உயிரோடு இறங்கியது அவன் மடித்த மூட்டையில்தான். என் மடிப்பைப் பற்றி எனக்கே இருந்த அபிப்பிராயம் அது.

காரணம் இதுதான். அந்தப் பாராசூட்டுக்கு இருபத்தெட்டுக் கயிறுகள். பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு, கயிறுகளைப் பதினாலு பதினாலாக இரண்டு கையிலும் பிரித்துப் பிடித்து, நுனியிலிருந்து துணியின் விளிம்புவரை நடந்து வரவேண்டும். ஒரு கயிறுகூட மற்றதன்மேல் ஏறாமல் நடுவில் வழி தெரிய வேண்டும். தமிழ் பேசுகிற நாங்கள் அதை வகிடு எடுக்கிறது என்போம். அதற்குத்தான் நேரம் பிடிக்கும். நான் வகிடு எடுக்காமலே மடிப்பேன், ஹவில்தார் அந்தண்டை திரும்பியிருந்தால். ஒரு நாளைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு மூட்டை கணக்கு. எனக்கு மூன்று மணிக்கே முடிந்துவிடும். அவன் பத்தில் நின்றிருப்பான். பன்னிரண்டுக்கு மேல் நான் என் பெயரில் மடித்தால் நாளையிலிருந்து எல்லாருக்கும் பதின்மூன்று ஆக்கிவிடுவார்கள். ஆகவே அவனுடைய கடைசி மூட்டையை நான் மடிப்பேன், அவன் கையெழுத்துப் போடுவான். இதை நாங்கள் சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திறந்தவெளியில் ஏதோ இந்திப் படம் போட்டார்கள். அவனை முன்னாலேயே இடம் பிடிக்க அனுப்பிவிட்டு அவனுடைய கடைசி மூட்டையை நான் உருட்டினேன். உருட்டினேன் என்பதுதான் சரியான சொல். ஏழாவது பட்டையில் பாய் போட்ட ஒட்டு ஒன்று இருந்தது, நாயின் காது மாதிரி ஒரு மூலை வளைந்தது. அது மேலே தெரியாமல் உள்ளே தள்ளி மடித்தது நன்றாக நினைவிருக்கிறது. வகிடு எடுக்கவில்லை. கார்டில் கையெழுத்து முன்னாலேயே போட்டுவைத்திருந்தான். ஹவில்தாரும் படத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே தன் கையெழுத்தைப் போட்டார். படம் நன்றாக இல்லை.

அடுத்த வாரம் ஒரு பையன் அதைக் கட்டிக்கொண்டு குதித்தான். ஒரு கயிறு துணிக்கு மேலே குறுக்காக விழுந்து, பாராசூட் இரண்டு பலாப்பழத்தைச் சேர்த்துக் கட்டியது போலப் பிதுங்கிக்கொண்டு வந்தது. மார்பில் இன்னொரு சின்னப் பாராசூட் இருக்கும். அதை இழுக்கக் கொஞ்சம் உயரம் வேண்டும், உயரம் இல்லை. பையன் எந்த ஊர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஊர் பெயர் நினைவில் தங்கிவிடும் என்று பயம்.

விசாரணை நடந்தது. மடித்ததில் பிசகு இருக்கலாம், பையன் கதவருகே தடுமாறிப் புரண்டதாலும் கயிறு ஏறியிருக்கலாம், எது என்று சொல்ல முடியாது என்று எழுதினார்கள். துணியைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார்கள். நாய்க்காது ஒட்டு எனக்கு நேரே இருந்தது. கார்டை நீட்டி இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். அவன், "என்னுது சார்," என்றான். கடைசி மூட்டையை நான் மடிக்கிற வழக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவனை அரிசி பருப்பு ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஒரு வருஷத்தில் ஊருக்கு வந்து உப்பளத்தில் மேஸ்திரி ஆகிவிட்டான்.

ஊருக்கு வந்த கையோடு, இன்னும் கொட்டகையிலேயே இருந்த எனக்கு ஒரு கடிதம் எழுதினான். அன்றைக்கு என் பெயரில் பன்னிரண்டு மூட்டை, அதில் நீ மடித்தது எது, உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தான். நான் பதில் எழுதினேன். ரிஜிஸ்டரைப் பார்த்தேன், நான் மடித்தது வேறு நம்பர், அது நல்லபடியாக இறங்கியிருக்கிறது என்று எழுதி, ஒரு நம்பரும் போட்டேன். இத்தனை வருஷம் எழுதிக் குவித்திருக்கிறேன். தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத நடை எனக்குக் கைவந்தது அந்த ஒரே கடிதத்தில்தான்.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம். நானும் ராணுவத்தை விட்டு வந்து மெட்ராஸில் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற இரண்டு பேரும் வந்துவிட்டிருந்தார்கள். பங்குனி வெயில் உப்புப் பாத்திகளில் பட்டு எதிரே வருகிறவன் முகமே தெரியவில்லை. பாய் கூனிமேட்டிலிருந்து ஒரு டேக்சா பிரியாணியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நண்பன் வீட்டில் தவக்காலம், அதிலும் வெள்ளிக்கிழமை, கறி வாசலைத் தாண்டக் கூடாது. ஹவில்தாருக்கு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விரதம்.

"என்னாங்கடா இது," என்று பாய் தலையில் கை வைத்தார். "ஒரு ஆட்டை அறுத்துட்டு ஆள் தேடிக்கினு நிக்கிறேன்."

"நான் இருக்கேன் பாய். எனக்கு எந்த சாமியும் ஒத்துழைக்கிறதில்ல," என்றேன்.

"ஒன்ன ஒருத்தன நம்பியாப்பா ஒரு ஆட்டையே அறுத்தேன்," என்றார். உப்பு அம்பாரத்துக்குப் போட்டிருந்த பனையோலைக் கூரை நிழலில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அந்த டேக்சாவோடு மல்லுக்கட்டினோம். இந்தியாவின் ஒருமைப்பாட்டைப் பற்றி நான் ஒரு கட்டுரை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்காகக் கூப்பிட்டான் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது நண்பனின் மனைவி அடுப்படியில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, அவரு பதினஞ்சு வருசமா நன்மை வாங்கறதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்குவதை அவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

"ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்கு வருவாரு. எல்லாரும் எழுந்து போவாங்க, இவரு மட்டும் குந்திக்கினு இருப்பாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கோங்கன்னா, 'தெரிஞ்ச பாவத்தைத்தாம்மா சொல்ல முடியும், நான் அந்தப் புள்ளயக் கொன்னனா இல்லியான்னு எனக்கே தெரியாதே, என்னான்னு சொல்றது'ன்றாரு. சாமியாரே வூட்டுக்கு வந்து சொல்லிப் பாத்துட்டாருண்ணா." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கல்யாணப் பூசையில பொண்ணோட அப்பாவே எழுந்து போவலைன்னா சம்மந்தி வூட்ல என்னா நெனைப்பாங்க? நீங்க படிச்சவரு. எதையாவது சொல்லி அவர் மனச மாத்துங்கண்ணா."

எதையாவது சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சொல்றேம்மா," என்று வெளியே வந்தேன். அன்று சொல்லவில்லை. பிரியாணி சாப்பிட்ட வயிறு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றது.

சனிக்கிழமை காலையில் எங்களை உப்புக் கிடங்குக்கு அழைத்துப் போனான். ஒரு பகுதி காலியாக இருந்தது. தரையைக் கழுவி, காயவைத்து, நீளத்துக்குக் கித்தான் விரித்திருந்தான். ஓரத்தில் ஐந்து சின்னத் துணிப் பைகள், உள்ளே உப்பு. மடிக்கும்போது துணி நழுவாமலிருக்க மேலே வைக்கிற எடைப் பைகள். கொட்டகையில் ஈயக் குண்டு போட்டிருப்பார்கள். அவன் மனைவி தைத்துக் கொடுத்திருந்தாள். மூட்டை உறையை பாய் தைத்து எடுத்து வந்திருந்தார், அவரும் எதற்கென்று கேட்காமலே. நான் கொண்டுவந்த பாராசூட்டை அவன் சாக்கிலிருந்து இழுத்தபோதுதான் அது பந்தலுக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"சார்," என்றான் ஹவில்தாரைப் பார்த்து. "நான் மடிக்கிறேன். நீங்க அன்னிக்கு மாதிரியே பக்கத்துல நின்னு பாருங்க. என் கைல எங்கியாவது பிசகு இருக்குதான்னு பாருங்க. இருந்தா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

"ஏம்பா, இப்ப எதுக்குடா அதெல்லாம்?"

"ஈஸ்டருக்குள்ள தெரியணும் சார்."

மடித்தான். அப்படி ஒரு மடிப்பை நான் கொட்டகையிலேயே பார்த்ததில்லை. பட்டை பட்டையாக இழுத்து, உள்ளங்கையால் நீவி, உப்புப் பையை வைத்து, அடுத்தது. கயிறுகளைப் பதினாலு பதினாலாகப் பிரித்துக்கொண்டு வகிடு எடுத்து நடந்து வந்தபோது கைக்குழந்தைக்குத் தலை வாருகிறவன் மாதிரி இருந்தான். ஹவில்தார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்லப்பா."

நண்பனின் முகம் விழுந்தது. "நல்லாப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன்டா. நம்ம கொட்டகையிலயே உன் கைதான் சுத்தம்."

"அன்னிக்கும் இப்படித்தான் மடிச்சிருப்பனா?"

"அன்னிக்கும் இப்படித்தான் மடிச்சிருப்பே."

"அப்ப எப்படி சார்?"

நண்பன் மூட்டையை உதறிப் பிரித்தான். மறுபடி மடித்தான். தப்பில்லை. மூன்றாவது தடவை மடித்தான். தான் கொலைகாரன் என்று யாராவது நிரூபித்துவிட மாட்டார்களா என்று ஒருவன் வேர்த்து வழிய வேலை செய்வதை நான் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். மத்தியானக் கஞ்சி வந்தது. குடித்தோம். நாலாவது தடவைக்கு அவன் குனிந்தபோது பாயால் தாங்க முடியவில்லை.

"போதும்ப்பா, முதுகு ஒடிஞ்சிடும். நம்ம எழுத்தாளர் மடிக்கட்டும், பார்க்கலாம். பேனா புடிச்ச கை என்னா கெதியில இருக்குதுன்னு."

நான் மாட்டேன் என்றேன். ஹவில்தார், "பயப்படறான், விடு," என்றார். குனிந்தேன். பதினைந்து வருஷம் கழித்தும் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, வேண்டாததும் தெரிந்திருந்தது. ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே மடித்தேன், அதுதான் என் வழக்கம். பட்டைகளை அடுக்கினேன். கயிற்றை ஒரே பிடியாகச் சேர்த்து உருட்ட ஆரம்பித்தேன்.

"டேய்! வகிடு?" என்று ஹவில்தார் அதட்டினார்.

"வழுக்கைத் தலைக்கு எதுக்கு சார் வகிடு?"

பாய் தொடையில் அடித்துச் சிரித்தார். நண்பனும் சிரித்தான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அன்னிக்கும் எடுக்கலடா."

"என்னிக்கு?" அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சனிக்கிழமை. உன் கடைசி மூட்டை. ஏழாம் பட்டையில ஒட்டுப் போட்டது. அதை மடிச்சது நான். படத்துக்கு நேரமாச்சுன்னு வகிடு எடுக்காம உருட்டிட்டேன்."

"அந்த ஒட்டு நான் போட்டது," என்றார் பாய் மெதுவாக. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நண்பன் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். உள்ளூர அதற்காகத்தான் வந்தேன் போலும்.

"நேத்து அடுப்பங்கரையில உன்னாண்ட அழுதாளா?" என்றான்.

"அதுக்கும் இதுக்கும்..."

"எனக்குத் தெரியும்டா. சாமியாராண்டயும் போய் அழுதா. அவரும் எதையாவது சொல்லி என்னை எழுப்பிடலாம்னுதான் பார்த்தாரு."

"ஒட்டு மேல தெரியாம நான்தான் உள்ள தள்ளி மடிச்சேன். இல்லன்னா ஒட்டு எங்க இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"விசாரணையில விரிச்சுப் போட்டாங்களே. எல்லாருந்தான் பார்த்தோம்."

அவன் வெளியே போய் வீட்டிலிருந்து தன் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தான். அதற்குள் என் கடிதம் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது. உரக்கப் படித்தான். ரிஜிஸ்டரைப் பார்த்தேன். வேறு நம்பர். நல்லபடியாக இறங்கியிருக்கிறது. என் எழுத்தை யாராவது உரக்கப் படிக்கக் கேட்டு எனக்குக் கூசியது அதுவே முதல் தடவை.

"அது பொய்டா," என்றேன்.

"எது பொய்? எல்லாம் ஞாபகத்துல இருக்கறப்ப, நம்பரோட எழுதினது பொய், இன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றது நிஜமா?"

ஆபீசர் என்னைச் சுட்டியபோது அவன் மேஜையிலிருந்து மூட்டையைத் திருடிக்கொண்டு போய்க் குதித்ததையும் சொன்னேன். என் மடிப்பை நானே நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவன் தலையை ஆட்டினான்.

"இதைப் பத்திரிகைக்கு எழுதுடா. நல்லா இருக்குது."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சார், நீங்க சொல்லுங்க," என்று ஹவில்தாரிடம் திரும்பினேன். "வகிடு எடுக்காததை அன்னிக்கு நீங்க பார்க்கலை. நின்ன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு நீங்களும் படத்துக்கு வந்தீங்க. சொல்லுங்க சார்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. ஹவில்தாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மணிலாக்கொட்டைப் பயிரும் பென்ஷனும் ஊரில் மரியாதையுமாக இருக்கிறவர். நான் மடித்தது நிஜமென்றால் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நிஜம். தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"என் கையெழுத்து இருந்தா நான் பார்த்திருக்கேன்னு அர்த்தம்," என்றார்.

"சார்..."

"பார்த்திருக்கேன்னு சொல்றேன் இல்ல?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உப்பு வாரும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நண்பன் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்தான். என் பக்கத்தில் வந்து கித்தானிலேயே உட்கார்ந்தான்.

"சரி, நீயே மடிச்சதுன்னு வெச்சுக்கோ. கையெழுத்து யாருது? பார்க்காம முன்னாலயே போட்டு வெச்சது யாரு? உன்னாண்ட தள்ளிட்டு படத்துக்கு எடம் புடிக்க ஓடினது யாரு? நீ சொல்றது நிஜமா இருந்தா எனக்கு ஒரு பாவம் இல்லடா, ரெண்டு." என் தோளில் கை வைத்தான். "ஆனா எனக்காகச் சொன்னே பாரு. உனக்கு நல்ல மனசு."

இந்த வாக்கியத்தை நான் அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஆபீஸ் போகிற பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. ஒருவன் உன்னை வாயாரப் புகழ்வதைத் தடுக்க உன்னிடம் வார்த்தை இல்லை என்றால், வார்த்தைகளால் பிழைப்பதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஹவில்தார் அன்று சாயங்காலமே கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மாடு கன்று போடும் நேரம் என்றார். பாய் சைக்கிளை எடுத்தபோது வாசல்வரை போனேன். "பாய், நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டேன். அவர் பெடலை ஒரு சுற்று பின்னால் சுற்றிவிட்டு, "நான் நம்பி என்னாப்பா ஆவப்போவுது? தெச்சவன் பேச்சு எந்த கார்டுல ஏறும்?" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். மூன்று நாள் சந்திப்பில் மூன்றாவது நாளுக்கு மிஞ்சியவன் நான் ஒருவன்தான். நானும் போயிருப்பேன், ஆனால் அவன் மனைவி, "நாளைக்குக் கோயிலுக்கு வாங்கண்ணா," என்று சொல்லிவிட்டாள். நான் ஏதோ சொன்னேன் என்பதும், அவன் என் தோளில் கை வைத்தான் என்பதும் அவள் காதுக்குப் போயிருந்தது. அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைப் பார்க்காமல் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் கையிலும் குருத்தோலை. என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். ஊர்வலமாகப் பாடிக்கொண்டு கோயிலுக்குள் போனோம். எப்போது நிற்பது, எப்போது முழங்காலில் இருப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அரை நொடி தாமதமாகச் செய்துகொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நண்பன், அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவியும் பெண்ணும். கல்யாணப் பெண் என்பதால் அவளை எல்லாரும் பார்த்தார்கள்.

நன்மை வாங்குகிற நேரம் வந்தது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவன் மனைவி எழுந்து, ஒரு கணம் நின்று, அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் கோத்து முழங்காலில் வைத்துக்கொண்டு பீடத்துக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பெண், "அப்பா," என்றாள், சத்தம் வராமல். அவன் அசையவில்லை. அவர்கள் இருவரும் அந்தப் பக்கமாக இறங்கிப் போனார்கள். போகும்போது மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வரிசையின் இன்னொரு பக்கம் இருந்தவர்கள் வெளியே போக எங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் தடியோடு நின்றுகொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை.

நண்பன் என் முழங்காலில் லேசாகத் தட்டினான்.

"காலை இழுத்துக்கோடா," என்றான் தாழ்ந்த குரலில். "ஜனங்க போவணும்."

இழுத்துக்கொண்டேன்.